பியூஜெட் சவுண்ட் கரையில் மட்டி பொறுக்குகிறோம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சியாட்டில், பெல்வியூ, ரெட்மண்ட் பக்கம் இருக்கும் நம் குடும்பங்களில் கோடை வந்தால் ஒரு ஆசை வந்துவிடுகிறது. ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பியூஜெட் சவுண்ட் உள்கடலின் ஒரு கிளையான ஹூட் கால்வாய்ப் பக்கம் போய் மட்டி பொறுக்க வேண்டும், கல்லில் ஒட்டி வளரும் ஆய்ஸ்டர் என்ற சிப்பியில் இரண்டாவது உடைத்துப் பார்க்க வேண்டும். பல வருடமாகப் போய்வருவதால் என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். எங்கே போகலாம், எவ்வளவு எடுக்கலாம் என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். கரையை எப்படி விட்டுவிட்டு வரவேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அதனால் கேட்ட கேள்விகளோடு, கேட்டிருக்க வேண்டிய சிலவற்றையும் சேர்த்து எழுதிவிட்டேன்.

இங்கே கிடைப்பது நம் ஊர் மட்டிதானா?

அதே இனம் இல்லை. நெருங்கிய சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிகம் கிடைப்பது மணிலா கிளாம். ஓட்டின் மேல் கோலம் போட்ட மாதிரி கோடுகள் இருக்கும், மண்ணில் நாலைந்து விரல் ஆழத்திலேயே கிடக்கும், களைக்கொத்தி மாதிரி ஒரு சின்ன ரேக் இருந்தால் போதும். அப்புறம் இந்த மண்ணுக்கே உரிய லிட்டில்நெக், இன்னும் ஆழத்தில் பட்டர் கிளாம், வரி வரியாக உருண்டையாக இருக்கும் காக்கிள். பாறையிலும் சரளைக்கல்லிலும் ஒட்டிக் கிடப்பது பசிபிக் ஆய்ஸ்டர்.

இதில் மணிலா கிளாமும் பசிபிக் ஆய்ஸ்டரும் ஜப்பானிலிருந்து வந்தவை. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் வளர்ப்புக்காக ஆய்ஸ்டர் குஞ்சுகளைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். 1930களில் அவற்றோடு தெரியாமல் ஒட்டிக்கொண்டு வந்து பரவியது மணிலா. மண்ணின் சொந்த ஆய்ஸ்டர், ஒலிம்பியா என்ற சின்ன வகை, ஒரு பெரிய நாணயம் அளவுதான் இருக்கும். முன்பு அளவில்லாமல் எடுத்ததாலும் காகித ஆலைக் கழிவாலும் அது ஏறக்குறைய அழிந்தே போய், இப்போது பாடுபட்டு மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். இரண்டரை இஞ்சுக்குக் கீழே உள்ள ஆய்ஸ்டரை எடுக்கக்கூடாது என்ற விதி இந்த ஒலிம்பியாவையும் காப்பாற்றுகிறது, ஏனென்றால் அது அந்த அளவைத் தொடுவதே அபூர்வம். குட்டியாக அழகாக இருக்கிறது என்று எடுத்து வாளியில் போட்டுவிடாதீர்கள்.

மட்டி பொறுக்க வருகிறவர்கள் இயற்கையை நேசிக்கிறவர்கள்தானே? அப்புறம் ஏன் கரை குண்டும் குழியுமாகக் கிடக்கிறது?

என்னை ரொம்ப நாள் உறுத்திய கேள்வி. கரையில் யாரிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாலும் கடல் சுத்தமாக இருக்க வேண்டும், பிள்ளைகளுக்கு இது மிஞ்ச வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள், பொய்யாகவும் சொல்லவில்லை. அதே ஆட்கள் எழுந்து போன இடத்தைப் பார்த்தால் ஐந்தாறு குழி, பக்கத்திலேயே மண் குவியல், ஓரத்தில் வெயிலில் காயும் சின்ன மட்டிகள்.

மனப்பான்மை நன்றாக இருந்தால் நடத்தையும் நன்றாக இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். உளவியலாளர்கள் இதை எப்போதோ மறுத்துவிட்டார்கள். ஐசெக் அஜ்சென் 1991இல் விரிவாக எழுதிய கோட்பாட்டின்படி மனப்பான்மை மூன்றில் ஒன்றுதான். சுற்றி இருக்கிறவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள், அந்தக் காரியம் நம் கைக்கு எவ்வளவு எளிதாகத் தோன்றுகிறது என்ற இரண்டும் சேர்ந்துதான் ஒருவர் என்ன செய்வார் என்பது முடிவாகிறது. ராபர்ட் சியால்டினியும் கூட இருந்தவர்களும் அரிசோனாவில் கல்லாகிப்போன மரங்கள் உள்ள தேசியப் பூங்காவில் ஒரு சோதனை செய்தார்கள். "நிறையப் பேர் கல்மரத் துண்டுகளை எடுத்துப் போய்விட்டார்கள், காடு மாறிவிட்டது" என்று வருத்தமாகப் பலகை வைத்த இடத்தில், ஆய்வாளர்கள் அடையாளமிட்டுப் போட்டிருந்த துண்டுகளில் சுமார் 8 சதவீதம் காணாமல் போயின. "தயவுசெய்து எடுக்காதீர்கள்" என்று மட்டும் எழுதிய இடத்தில் 2 சதவீதம்கூடப் போகவில்லை. எல்லாரும் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதுமே கை நீளுகிறது. மூடாத குழிகள் நிறைந்த கரையும் அப்படி ஒரு பலகைதான். இங்கே யாரும் மூடுவதில்லை என்று அது வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

இதோடு நான் கண்ணால் பார்த்த ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். எல்லாம் கெடுவது கடைசிப் பதினைந்து நிமிடத்தில். தண்ணீர் திரும்பி ஏறத் தொடங்கியிருக்கும், சின்னவனுக்குக் குளிரும், வாளி நிறைந்திருக்கும், முதுகு வலிக்கும், படகுக்கு நேரமாகியிருக்கும். போகும்போது மொத்தமாக மூடிக்கொள்ளலாம் என்று வைத்திருந்த குழிகள் அப்படியே நின்றுவிடும். நான் முதல் இரண்டு வருடம் இப்படித்தான் விட்டுவிட்டு வந்தேன், மனதில் அக்கறை இல்லாமல் அல்ல, அதைக் கடைசிக்குத் தள்ளி வைத்ததால். இப்போது ஒரே ஒரு பழக்கம்: ஒரு குழியை மூடாமல் அடுத்ததைத் தொடுவதில்லை.

குழியை நான் ஏன் மூட வேண்டும்? அலை வந்து மூடிவிடாதா?

இங்கே மூடாது. பசிபிக் பெருங்கடல் பக்கத்து லாங் பீச் மாதிரி இடங்களில் ரேசர் கிளாம் தோண்டுகிறார்கள், அங்கே பேரலை மணலைப் புரட்டிக்கொண்டே இருப்பதால் ஒரு ஏற்றத்தில் குழி தெரியாமல் போய்விடும். அங்கே பழகியவர்கள் அதே எண்ணத்தோடு ஹூட் கால்வாய்க்கு வருகிறார்கள். இது உள்கடல், அலை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, தண்ணீர் பேசாமல் ஏறும், பேசாமல் இறங்கும். மண்ணும் சரளையும் களியும் கலந்தது. இந்த வாரம் தோண்டிய குழி, தண்ணீர் நன்றாக இறங்கும் அடுத்த லோ டைடில் போனாலும் குளம் மாதிரி நிற்கும்.

குழியின் ஆழத்தை விட அதன் பக்கத்துக் குவியல்தான் அதிகம் கொல்கிறது. ஒருமுறை உட்கார்ந்து, யாரோ விட்டுப்போன ஒரு குவியலைக் கையால் மெல்லக் கலைத்துப் பாருங்கள். மேலே சரளை. அதன் கீழே, முன்பு தரையாக இருந்த மட்டத்தில், சுண்டுவிரல் நகம் அளவு மட்டிகள் இருக்கும். மட்டி தன் குழாயைத் தரைக்கு மேலே நீட்டித்தான் மூச்சு விடுகிறது, தின்கிறது. குட்டி மட்டியின் குழாய் எவ்வளவு நீளம் இருக்கும்? அதன் தலைமேல் முக்கால் அடி மண்ணைக் கொட்டினால் மேலே ஏறி வர அதற்குத் தெம்பு கிடையாது. கறுத்துப்போன மண்ணில் வாய் பிளந்து கிடக்கும் ஓடுகளை நான் அப்படிப் பார்த்திருக்கிறேன், எதிலும் சதை இல்லை. இந்தப் பக்கம் குழிக்குள்ளே இருந்த குட்டிகளோ வெயிலுக்கும் கடற்காகத்துக்கும் திறந்து கிடக்கின்றன.

ஒரு குடும்பம் நாற்பது மட்டி எடுக்கப் போய், எடுக்காத நூறைக் கொன்றுவிட்டு வருவது இப்படித்தான். வாளியை எடை போட்டால் இது தெரியாது. குழியை மூடுவது மாநிலத்தில் சட்டம், மூடாவிட்டால் அபராதம் உண்டு. இதைச் சொல்வதால் மட்டும் யாரும் மூடுவதில்லை. குவியலைக் கலைத்துப் பார்த்தவர்கள் மூடுகிறார்கள்.

எப்படி மூடுவது? மண்ணைத் தள்ளிவிட்டால் போதுமா?

போதும், கொஞ்சம் கவனத்தோடு. தோண்டும்போதே மண்ணை ஒரே பக்கம் போடுங்கள். குட்டிகளை முதலில் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, மண்ணைத் திருப்பித் தள்ளி, பழைய தரை மட்டத்துக்கு வந்ததும் குட்டிகளை மேலே வைத்து லேசாக மண் தூவுங்கள். மணிலா, லிட்டில்நெக் எல்லாம் தானே புதைந்துகொள்ளும். குழியின் அடியில் போட்டு மேலே மண்ணை அள்ளிக் கொட்டினால் அதுவும் புதைகுழிதான். தூக்கித் தூர வீசவும் கூடாது, ஓடு உடைந்தால் அவ்வளவுதான்.

ஆய்ஸ்டரை வீட்டுக்குக் கொண்டுபோய் உடைக்கக்கூடாதா? கரையிலேயே உடைத்து ஓட்டைப் போட்டுவிட்டு வா என்கிறார்களே, அது குப்பை போடுவது ஆகாதா?

நம் வீட்டில் சுத்தம் என்றால் எதையும் விட்டு வராமல் இருப்பது. அதனால் இந்த விதி பலருக்கும் தலைகீழாகத் தெரிகிறது. என் மாமியார் முதல்முறை வந்தபோது, உடைத்த ஓடுகளையெல்லாம் ஒரு பையில் கட்டி குப்பைத்தொட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். நல்ல மனதோடு செய்த காரியம், கரைக்கு நஷ்டம்.

ஆய்ஸ்டர் குஞ்சு சில வாரம் தண்ணீரில் மிதந்து திரியும். அப்புறம் ஒட்டிக்கொள்ள ஒரு கெட்டியான இடம் வேண்டும், ஒட்டினால் ஆயுள் முழுக்க அங்கேதான். அதற்கு ரொம்பப் பிடித்த இடம் இன்னொரு ஆய்ஸ்டரின் ஓடு. நீங்கள் எடுத்த ஆய்ஸ்டரைக் கொஞ்சம் திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மிளகு அளவில், பொட்டு அளவில், தட்டையாக ஒட்டியிருப்பது எல்லாம் குட்டிகள். ஒரு ஓட்டிலேயே பல இருக்கலாம். ஓட்டை வீட்டுக்குக் கொண்டுபோனால் அவ்வளவும் உங்கள் குப்பைத்தொட்டியில் சாகும், அடுத்த தலைமுறை ஒட்ட இடமும் போகும். அதனால் கரையிலேயே உடைத்து, சதையை டப்பாவில் போட்டுக்கொண்டு, ஓட்டை எடுத்த அதே மட்டத்தில் வைத்துவிட்டு வரவேண்டும். மேலே காய்ந்த மணலில் எறிந்தால் பலனில்லை. வேறு கரைக்குக் கொண்டுபோய்ப் போடவும் கூடாது, ஆய்ஸ்டரைத் துளைத்துத் தின்னும் நத்தைகளும் நோயும் ஓட்டோடு சேர்ந்து போய்விடும்.

உடைக்கத் தெரியவில்லை என்றால் தெரிந்தவர் ஒருவரோடு போங்கள். கையுறை கட்டாயம்.

எவ்வளவு எடுக்கலாம்? லைசென்ஸ் எல்லாருக்கும் வேண்டுமா?

15 வயது முதல் லைசென்ஸ் வேண்டும். அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை, ஆனால் அளவு அவர்களுக்கும் உண்டு, அவரவர் பங்கை அவரவரே தோண்ட வேண்டும், அவரவருக்குத் தனி வாளி. அப்பா ஒருவரே ஐந்து பேர் பங்கைத் தோண்டி ஒரே பக்கெட்டில் போடுவது தவறு. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 40 மட்டி, ஓட்டோடு 10 பவுண்டுக்கு மேல் போகாமல். மணிலா, லிட்டில்நெக், பட்டர், காக்கிள் எல்லாம் குறைந்தது ஒன்றரை இஞ்ச். ஆய்ஸ்டர் 18. கரைக்குக் கரை திறக்கும் நாள் மாறும், விதியும் மாறலாம், அதனால் கிளம்பும் காலையில் மாநில மீன் மற்றும் வனவிலங்குத் துறையின் இணையப் பக்கத்தில் அந்தக் கரையின் பெயரைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கரையோரம் என்றால் பொதுச் சொத்து என்று நாம் நினைக்கிறோம். வாஷிங்டனில் அப்படி இல்லை. 1971 வரை மாநில அரசு, தண்ணீர் ஏறி இறங்கும் ஓத நிலங்களைத் தனியாருக்கு விற்றுக்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் இன்று தனியார் கையில்தான் இருக்கிறது. பூங்காவின் எல்லை எங்கே முடிகிறது என்று பலகை பார்த்து நில்லுங்கள்.

சின்னதாக இருந்தால் போட்டுவிட்டு, பெரியதாகப் பார்த்துப் பொறுக்குவது நல்ல பழக்கம்தானே?

மணிலாவுக்கும் லிட்டில்நெக்குக்கும் நல்லது, திரும்பப் புதைத்தால். எல்லா மட்டிக்கும் இது பொருந்தாது. ரேசர் கிளாமின் ஓடு அப்பளம் மாதிரி, மண்வெட்டி பட்டாலே நொறுங்கும். ஆழத்தில் கிடக்கும் பெரிய மட்டிகளான ஹார்ஸ் கிளாமும் கூயிடக்கும் ஒருமுறை பிடுங்கப்பட்டால் திரும்ப மண்ணுக்குள் இறங்க முடியாது. அதனால் இவற்றில் முதலில் தோண்டியதுதான் உங்கள் பங்கு, சின்னதோ உடைந்ததோ எதுவானாலும். ரேசர் வழக்கமாக முதல் 15, ஹார்ஸ் முதல் 7, கூயிடக் முதல் 3. உடைந்ததை மணலில் மிதித்துவிட்டு நல்லதாகத் தேடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். 15 கணக்குக் காட்டி 30 கொல்கிறார்கள். கூயிடக் நூறு வயதைத் தாண்டி வாழும் பிராணி என்பதை நினைத்தால் எனக்கு அதைத் தோண்டவே கை வருவதில்லை, இது என் சொந்த முடிவு.

நாங்கள் சாப்பிடுவதில்லை. பிள்ளைகளுக்குக் காட்ட, சும்மா தோண்டிப் பார்த்துவிட்டு விட்டுவிடலாமா?

தோண்ட வேண்டாம். சாப்பிடப் போகிறவர் தோண்டினால் அதற்கு ஒரு காரணமாவது இருக்கிறது. லோ டைடில் தோண்டாமலே பார்க்க அவ்வளவு இருக்கிறது, காலடி பட்டதும் மட்டி பீய்ச்சும் தண்ணீர், கல்லுக்கு அடியில் ஓடும் நகம் அளவு நண்டு, நட்சத்திர மீன். கல்லைப் புரட்டினால் மெதுவாக, பிறகு முன்பு இருந்தபடியே திருப்பி வையுங்கள். கல்லின் அடிப்பக்கம் வாழ்பவை வெயிலைத் தாங்காது. உள்ளங்கையை விடப் பெரிய கல்லைத் தொட வேண்டாம் என்பது எங்கள் வீட்டு விதி.

ஈல்கிராஸ் என்ற நீளப் பச்சைப் புல் படுத்திருக்கும் இடத்தில் மிதிக்காதீர்கள், அதில்தான் ஹெர்ரிங் மீன் முட்டை ஒட்டுகிறது. அப்புறம் சாம்பல் நிறத்தில், ரப்பர் கழுத்துப்பட்டி மாதிரி, அடி அகன்று மேலே குறுகி ஒன்று மணலில் கிடக்கும். குப்பை என்று நினைத்து நிறையப் பேர் எடுத்துப் பைக்குள் போடுகிறார்கள். அது நிலா நத்தையின் முட்டை. மணலையும் தன் கோழையையும் குழைத்து, நடுவே முட்டைகளை வைத்து வளையமாகச் செய்கிறது. கரையைச் சுத்தம் செய்கிறேன் என்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை ஏழெட்டு வளையங்களைக் கொண்டுவந்து பெருமையாகக் காட்டினாள். அவளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தோம்.

நான் ஒருத்தன் கொஞ்சம் கூட எடுத்தால் என்ன குறைந்துவிடும்?

குறையும் என்பதைத் தேதியோடு பார்க்கலாம். கூட்டம் வரும் கரைகளில் எவ்வளவு மட்டி இருக்கிறது என்று ஆய்வு செய்து கணக்குப் போடுகிறார்கள். லோ டைட் நேரத்தில் சிறு விமானம் மேலே போவதைப் பார்த்திருப்பீர்கள், கரையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணுகிறார்கள், கீழே அலுவலர்கள் வாளியைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். பொதுமக்கள் பங்கை மீறி எடுத்தது தெரிந்தால் அடுத்த வருடம் அந்தக் கரை திறந்திருக்கும் நாட்கள் குறையும்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு குறையும் இருக்கிறது. டேனியல் பாலி என்ற மீன்வள அறிஞர் 1995இல் சொன்னது: ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் பார்த்த கடலையே முழுமையான கடல் என்று எடுத்துக்கொள்கிறது. நான் வந்த வருடம் ஒரு குழியில் பத்து மட்டி கிடைத்தால் அது எனக்கு நிறைவு. முப்பது வருடமாக வரும் ஒரு பெரியவர் அதே குழியைப் பார்த்து ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினார். நாளை என் மகனுக்கு ஐந்தே நிறைவாகத் தோன்றலாம்.

பழங்குடியினருக்கு மட்டும் ஏன் தனிப் பங்கு, தனி நாள்?

இந்தக் கேள்வி சில சமயம் கசப்போடு வருகிறது, அதனால் நேராகவே சொல்கிறேன். 1850களின் நடுவில் இங்குள்ள பழங்குடி மக்கள் தங்கள் நிலத்தின் பெரும்பகுதியை அரசுக்கு விட்டுக்கொடுத்து ஒப்பந்தம் செய்தபோது, வழக்கமான இடங்களில் மீனும் மட்டியும் எடுக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. நூறு வருடத்துக்கு மேல் அந்த உரிமை மதிக்கப்படவில்லை. 1974இல் நீதிபதி போல்ட் மீனுக்கும், 1994இல் நீதிபதி ரஃபீடி மட்டிக்கும் சரிபாதி அவர்களுடையது என்று தீர்ப்புச் சொன்னார்கள். மற்ற பாதிக்குள்தான் நாம் அத்தனை பேரும் வருகிறோம்.

அவர்கள் இந்தக் கரையை வெறுமனே எடுத்துத் தின்றவர்களும் அல்ல. வடக்கே பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஓத மட்டத்தில் கல்லடுக்கி வரப்புக் கட்டி, மண்ணைச் சமப்படுத்தி மட்டித் தோட்டம் போட்டிருக்கிறார்கள். குவாட்ரா தீவில் சிலவற்றுக்கு 3,500 வருடத்துக்கு மேல் வயது. தண்ணீர் இறங்கினால் பந்தி விரித்தாயிற்று என்ற பொருளில் இந்தக் கரையில் ஒரு பழமொழி உண்டு. விரித்தவர்களே பல தலைமுறையாகக் கல்லைப் பொறுக்கி, மண்ணைக் கிளறி அந்தப் பந்தியைப் பார்த்துக்கொண்டவர்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள்தான் கரையைக் காலி செய்கிறார்கள் என்று பேசுகிறார்களே?

கேட்டிருக்கிறேன், என்னைப் பார்த்தே ஒருவர் சொன்னார். கொரிய, வியட்நாமிய, பிலிப்பினோ குடும்பங்கள் கூட்டமாக வருவதால் கண்ணில் படுகிறார்கள், அவ்வளவுதான். மூடாத குழியைத் தோண்டியவர் எந்த ஊர்க்காரர் என்று குழியைப் பார்த்துச் சொல்ல முடியாது. நான் பார்த்ததிலேயே சுத்தமாக வேலை செய்தவர் ஒரு வியட்நாமியப் பாட்டி. மண்டியிட்டு, கையளவு இடத்தைக் கிளறி, அளவுகோலில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, தரையைத் தடவிச் சமப்படுத்திவிட்டு அடுத்த கையளவுக்கு நகர்ந்தார். அவர் எழுந்து போன பிறகு அந்த இடத்தில் தோண்டிய அடையாளமே இல்லை.

ஆனால் நம் பக்கத்துத் தவறையும் ஒத்துக்கொள்ள வேண்டும். விதி தெரியாமல் வருவது, நாலு குடும்பமாகப் போய்ப் பங்கைக் கலப்பது, ஊரில் கழிமுகத்தில் இப்படித்தான் அள்ளுவோம் என்பது எல்லாம் நடக்கிறது. ஊரில் அள்ளுபவர்களுக்கு அது பிழைப்பு. நமக்கு இது ஒரு விடுமுறை நாள்.

எல்லாக் கரையிலும் எடுத்துச் சாப்பிடலாமா? தண்ணீர் சுத்தமாகத்தானே தெரிகிறது?

கூடாது. சியாட்டில் நகரக் கரைகளில், ஆல்கை போன்ற இடங்களில், கழிவு காரணமாக எடுக்கக்கூடாது. மற்ற இடங்களிலும் அலெக்சாண்ட்ரியம் என்ற நுண்பாசி பெருகினால் மட்டிக்குள் நரம்பைத் தாக்கும் நஞ்சு சேரும். சமைத்தாலும் அது போகாது. தண்ணீர் நிறத்தை வைத்துச் சொல்லவும் முடியாது. 1793இல் கேப்டன் வான்கூவரோடு கப்பலில் வந்த ஒரு மாலுமி வடக்கே பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையில் சிப்பி தின்று சில மணி நேரத்தில் இறந்தார், அந்த இடத்துக்கே விஷக்குடா என்று பெயர். பட்டர் கிளாமில் இந்த நஞ்சு ஒரு வருடத்துக்கு மேலும் தங்கும். உதடு மரத்தால் உடனே மருத்துவமனை. மாநிலச் சுகாதாரத் துறையின் பாதுகாப்பு வரைபடத்தை அன்று காலையில் பார்க்காமல் கிளம்பாதீர்கள். கோடையில் ஆய்ஸ்டரைப் பச்சையாகத் தின்னவும் வேண்டாம், விப்ரியோ கிருமி இருக்கும், அது மட்டும் நன்றாக வெந்தால் சாகும்.

மட்டி தண்ணீரை வடித்துத் தின்கிற பிராணி, அதில் எது இருக்கிறதோ அது மட்டியிலும் இருக்கும். குழந்தையின் டயப்பரைக் கரையோரம் விடுவதும், நாய் அசிங்கத்தை அப்படியே விடுவதும், கழிப்பறை தூரம் என்று புதருக்குப் போவதும் அதே மட்டி வழியாகத்தான் திரும்பி வருகின்றன.

பச்சை நண்டு கண்ணில் பட்டால் கொன்றுவிடலாமா? கேடு என்கிறார்களே?

ஐரோப்பியப் பச்சை நண்டு பெரிய கேடுதான், 2022 ஜனவரியில் ஆளுநர் அவசர ஆணையே போட்டார். ஆனாலும் நீங்கள் கொல்லாதீர்கள். இந்த ஊர் நண்டுகளிலும் பச்சையாக இருப்பவை உண்டு, ஆர்வத்தில் அவற்றை மிதித்துக் கொல்கிறார்கள். கண்ணுக்குப் பக்கவாட்டில் இரு புறமும் ஐந்தைந்து முள் இருந்தால் அதுவாக இருக்கலாம். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, மீன் மற்றும் வனவிலங்குத் துறைக்கு அனுப்பிவிட்டு, நண்டை அப்படியே விட்டுவிடுங்கள்.

பூமியே சூடாகிக்கொண்டிருக்கிறது, கடல் புளித்துப்போகிறது. நான் ஒரு குழியை மூடி என்ன ஆகப் போகிறது?

நியாயமான கேள்வி, எனக்கும் சில நாள் இந்தச் சோர்வு வரும். 2021 ஜூன் 28 அன்று சியாட்டிலில் 108 டிகிரி ஃபாரன்ஹீட். அந்த நாட்களில் லோ டைட் நடுப்பகலில் வந்தது. கரை முழுக்க வாய் பிளந்த ஓடுகள், அந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் ஹார்லி, இந்தக் கடற்பகுதியில் நூறு கோடிக்கு மேல் கடலுயிர்கள் செத்திருக்கும் என்று கணித்தார். அதற்கு முன்னாலேயே, 2000களின் பிற்பாதியில், கடல்நீர் அமிலமாவதால் ஆய்ஸ்டர்க் குஞ்சுகள் ஓடு கட்ட முடியாமல் பொரிப்பகங்களில் கொத்துக் கொத்தாகச் செத்தன.

இதையெல்லாம் ஒரு களைக்கொத்தியால் நிறுத்த முடியாது, சரி. ஆனால் வெயிலில் மட்டியைக் காப்பாற்றுவது அதன் மேல் இருக்கும் நாலு விரல் ஈர மண்தான். அதைத்தான் நாம் எடுத்துவிட்டுப் போகிறோம். தாங்க வேண்டிய பாரம் அதற்கு ஏற்கனவே அதிகம், நம் பங்காக அந்த மண்ணையாவது திருப்பிக் கொடுக்கலாம்.

மூடாமல் போகிறவர்களிடம் எப்படிச் சொல்வது? சண்டை வருமே?

சட்டம் பேசினால் சண்டை வரும், நான் பேசிப் பார்த்திருக்கிறேன். இப்போது எழுந்து போய் அவர்கள் குழிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, "இதை மூடிடவா, உள்ளே குட்டிகள் இருக்கு, பாருங்க" என்று குவியலிலிருந்து ஒரு குட்டி மட்டியை எடுத்து உள்ளங்கையில் காட்டுகிறேன். முதலில் வந்து பார்ப்பது பிள்ளைகள்தான். அவர்கள் வந்தால் அப்பா அம்மாவும் வருவார்கள். பெரும்பாலும் அடுத்த குழியை அவர்களே மூடிவிடுகிறார்கள், நான் இன்னும் அங்கே இருக்கிறேன் என்பதாலும் இருக்கலாம், பரவாயில்லை.

பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுக்கலாம்?

அளவுகோலை அவர்கள் கையில் கொடுங்கள். ஒன்றரை இஞ்ச் வளையத்துக்குள் விழுந்துவிட்டால் குட்டி, விழாவிட்டால் வாளிக்கு. எங்கள் வீட்டில் இது மகளின் பொறுப்பு, அவள் சொன்னால் சொன்னதுதான். போன ஜூலையில் நான் சரியாக விளிம்பில் நின்ற ஒரு மட்டியைப் "போதும், போடு" என்றேன். அவள் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தாள், நீளவாக்கில் ஒருமுறை, சாய்த்து ஒருமுறை. அப்புறம் நான் சமப்படுத்தி வைத்திருந்த மண்ணில் அதைப் படுக்க வைத்து, மேலே ஒரு பிடி மணலைத் தூவினாள். கொஞ்ச நேரம் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மணல் லேசாக அசைந்து, மட்டி உள்ளே இறங்கிவிட்டது.